எல்லோருக்கும் பத்தொன்பது

3 அக்டோபர் 2025, வெள்ளி

காலையில் பனிமூட்டம். ஒன்பது மணிக்குத்தான் வாசல் கேட் கண்ணுக்குத் தெரிந்தது. கந்தம்மாள் வடகவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அதற்குள் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் என் தோட்டத்தில் களை எடுக்கிறாள். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் களை அப்படியே நிற்கிறது. நான் தட்டில் முளைக்க வைத்து நட்ட பான்சி நாற்றுகள் வேரோடு கூடையில் கிடக்கின்றன.

“உனக்குக் கண் எங்கே இருக்கு?” என்றேன்.

“வலது பக்கம் ஒரே புகையாத்தான் கெடக்குங்க தொரசாணியம்மா. எடதுல கொஞ்சம் தெரியுது. அதான் கண் பஸ்ஸுக்குப் பேர் பதிஞ்சிருக்கேன்ல. போய்ட்டு வந்தா சரியாப் போகும்.”

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினான்கு வயதில் கப்பலேறி வந்தவள். இன்னும் என்னைத் ‘தொரசாணி’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

கண் பஸ் என்று இவர்கள் சொல்வது எங்கள் அறக்கட்டளையின் ஏற்பாடு. ஆண்டுக்கு ஒரு முறை மதுரையிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி இங்கே கொடைக்கானலுக்கு பஸ் அனுப்பும். அறுபது பேரை அழைத்துப்போய்க் கண்புரையை அறுத்து, கொண்டுவந்து விடுவார்கள். என் கணவர் டாக்டர் சூசைமுத்து தொடங்கியது. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அதிலிருந்து நான்தான் செயலாளர். நேற்றுத்தான் இந்த வருடப் பட்டியலை ஒட்டினோம். அறுபது பெயரும் எனக்கு மனப்பாடம்.

“உன் பெயர் அதில் இல்லையே.”

“இருக்குமுங்க. எங்க காலனி இந்து, பன்னெண்டாவது படிச்ச புள்ள, போன்ல பதிஞ்சா.”

“இல்லை என்றால் இல்லை.”

“நீங்களும் கண்ணாடிய மாத்திட்டுப் பாருங்க” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4 அக்டோபர், சனி

மறுபடியும் பார்த்தேன். இல்லை.

தவறு எங்கள் பக்கம் இருக்க வழியில்லை. இந்த வருடம் முதல் முறையாக விண்ணப்பங்களை இணையதளத்தில் வாங்கினோம். படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று நான்தான் ஃபுல்ஸ்கேப் தாளில் இருபத்திரண்டு விதிகள் எழுதிக் கொடுத்தேன். ஆதார் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். வயது ஐம்பதுக்குக் கீழ் என்றால் வேண்டாம். கட்டம் காலியாக இருந்தால் நகரக் கூடாது. நாயுடுபுரத்தில் இருக்கும் தாரணி அதை அப்படியே செய்து கொடுத்தாள். வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிற பெண். கெட்டிக்காரி. என்னை ஆன்ட்டி என்கிறாள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

போன வருடம் வரை தாளில் எழுதி வாங்கும்போது எத்தனை அடித்தல், எத்தனை எண்ணெய்க்கறை. இந்த வருடம் அறுபதும் துப்புரவு.

7 அக்டோபர், செவ்வாய்

கந்தம்மாள் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நோட்டுத் தாளில் கிழித்தது. நீல மையில் ‘கந்தம்மாள் – பதிவு எண் 19’.

பட்டியலை எடுத்துக் காட்டினேன். பத்தொன்பது மூக்கம்மா. அவளும் அதே காலனிதான்.

“அந்த இந்து உன்னை ஏமாத்திட்டா. பதியவே இல்லை. மூக்கம்மா எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கா. அவ்வளவுதான்.”

“அந்தப் புள்ள அப்பிடிச் செய்யாதுங்க.”

“செய்யாமலா உன் பெயர் இல்லை? இல்லாவிட்டால் நீ பொய் சொல்கிறாய்.”

கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தாள். “பேர் பதியிறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? தேயிலைத் தோட்டத்துல காலையில செக்ரோல் புஸ்தகத்துல பேர் விழலேன்னா அன்னைக்கி பூரா மலை ஏறுனது வெட்டி. அதுல பொய் சொல்ற சாதி நாங்க இல்ல.”

புடவைத் தலைப்பை உதறிவிட்டுப் போய்விட்டாள். மணி பத்தரை. பாதிப் பாத்தி அப்படியே கிடக்கிறது. இப்படி வேலையைப் போட்டுவிட்டுப் போவது இதுதான் முதல் முறை.

10 அக்டோபர், வெள்ளி

கந்தம்மாள் வரவில்லை.

மதியம் அவள் காலனியிலிருந்து நான்கு பேர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். நான்கு பேர் கையிலும் சீட்டு. ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. நான்கிலும் பத்தொன்பது.

இவ்வளவு துணிச்சலா?

“எல்லாருக்கும் எப்படி ஒரே எண் இருக்கும்? உங்களுக்கே தோணலையா?” என்று கேட்டேன்.

வீரம்மாள் என்ற கிழவி பதில் சொன்னாள். “எல்லாரும் ஒரே பஸ்ஸுதானங்கம்மா. அதான் ஒரே நம்பருன்னு நெனச்சோம்.”

என்ன சொல்வது இவர்களிடம்? இந்துவிடம் போய்க் கேளுங்கள், அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

11 அக்டோபர், சனி

நியாயமாக நடந்தேன் என்று எனக்கே தெரிய வேண்டும். தாரணியிடம் சொல்லிப் படிவத்தைச் சோதனைக்குத் திறக்கச் செய்தேன். காலை முழுக்க மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு பொய் விண்ணப்பங்கள் போட்டேன். கான்வென்ட்டில் கணக்கு விடை தவறினால் ஒரு வரியை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கலைக்கக் கூடாது. அப்படியே செய்தேன். ஒரே ஊர் போட்டுப் பார்த்தேன். ஒரே போன் எண். ஒரே பிறந்த தேதி. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து முறையாகத் தொடங்கினேன். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு வெவ்வேறு எண்கள். எதுவும் தொலையவில்லை.

படிவத்தில் பிழை இல்லை. ஆகவே அந்தப் பெண்தான்.

12 அக்டோபர், ஞாயிறு

ஆறரைக்கு பஸ் வந்தது. பூசைக்கு முன்னாலேயே போய்விட்டேன். அறுபது பேரில் ஐம்பத்தாறு பேர் வந்தார்கள். நான்கு பேர் வரவில்லை.

கந்தம்மாளும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் மதிலோரமாக நின்றார்கள். பையும் போர்வையுமாக வந்திருந்தார்கள்.

அறக்கட்டளைத் தலைவர் சுவாமிநாதன் பழனியிலிருந்து வந்திருந்தார். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். கூட்டத்தைச் சமாளித்துப் பழகியவர். “நாலு சீட்டு காலியாப் போகுதேம்மா. நிக்கிறவங்கள்ல நாலு பேர ஏத்தி விடுவோமா?” என்றார்.

“பட்டியலில் இல்லாதவரை ஏற்றுவதென்றால் பட்டியல் எதற்கு?”

அவர் மேலே பேசவில்லை. நான் பேசினால் யாரும் மேலே பேசுவதில்லை. பஸ் நான்கு காலி சீட்டோடு கிளம்பியது. கந்தம்மாள் அந்தத் துண்டுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பவில்லை.

13 அக்டோபர், திங்கள்

ஒரு விஷயம் இடிக்கிறது. ஏமாற்றுகிறவள் ஆளுக்கொரு எண்ணாக அல்லவா எழுதிக் கொடுப்பாள்? எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதினால் மறுநாளே பிடிபடுவாள் என்று பன்னிரண்டாம் வகுப்பு படித்தவளுக்குத் தெரியாதா?

அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். அப்படியானால் பத்தொன்பதை அவளுக்குக் காட்டியது யார்?

14 அக்டோபர், செவ்வாய்

தாரணியை வரச் சொன்னேன். மடிக்கணினியோடு வந்தாள். அடுப்படி மேசையில் உட்கார்ந்தோம்.

“போன்ல தெரியிற பக்கம் சும்மா வாசல் மாதிரி ஆன்ட்டி. கட்டம் காலியா இருந்தா அங்கயே சொல்லிடும். ஆனா அதை நம்ப முடியாது. அனுப்பினதுக்கப்புறம் உள்ள சர்வர் எல்லாத்தையும் இன்னொரு தடவை சரிபார்க்கும். அது ஒத்துக்கிட்டாத்தான் பதிவு.”

“ஒத்துக்கொள்ளாவிட்டால்?”

“அதையும் ஒரு இடத்துல குறிச்சு வைக்கும். என்ன எழுதியிருந்தாங்கன்னு இருக்காது. எத்தனை மணிக்கு வந்துச்சு, எந்த ரூல்ல போச்சுன்னு மட்டும் இருக்கும்.”

“காட்டு.”

செப்டம்பர் மூன்றாம் தேதி. காலை 10.42க்குப் பத்தொன்பதாம் எண், மூக்கம்மா, பதிவு. அதற்குக் கீழே மறுப்பு. மறுப்பு. மறுப்பு. முப்பது மறுப்புகள், பகல் 12.20 வரை. எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே காரணம், விதி 14.

விதி 14 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகஸ்டில் சோதனை பார்க்கும்போது நெட் மெதுவாக இருந்ததால் பொத்தானை இரண்டு முறை அமுக்கிவிட்டேன். என் பெயர் இரண்டு முறை பதிவாகிவிட்டது. கமிட்டியில் எல்லோர் முன்னாலும் சுவாமிநாதன், “அம்மா ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா விண்ணப்பம் போட்டுட்டாங்க” என்றார். சிரித்தார்கள். அன்றே எழுதினேன்: ஒரே படிவம் இரண்டாம் முறை வந்தால் ஏற்கக் கூடாது. அதற்காகத் தாரணி ஒவ்வொரு படிவத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு டோக்கன் வைத்தாள். ஒரு டோக்கனுக்கு ஒரு பதிவு.

“யாரோ சின்னப் பிள்ளை கையில போன் கிடைச்சிருக்கும் ஆன்ட்டி. முப்பது தடவை அமுக்கியிருக்கு” என்றாள்.

நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். மூன்று நிமிடம், மூன்று நிமிடம், நான்கு நிமிடம், மூன்று. சின்னப் பிள்ளை இப்படி நிதானமாகவா அமுக்கும்?

இது ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்த நேரம்.

16 அக்டோபர், வியாழன்

டாக்சி வைத்துக்கொண்டு வடகவுஞ்சிக்குக் கீழே காலனிக்குப் போனேன். மழை. கடைசி அரை மைல் நடை.

இந்துவின் மாமியார் வாசலிலேயே நின்றாள். “தொரசாணியே சொல்லிட்டாங்களாம், எம் மருமக கள்ளியாம். காலனி பூரா அதே பேச்சு. இப்ப என்னத்துக்கு வந்தீங்க, கையில வெலங்கு போடவா?”

நான் கந்தம்மாளிடம் தோட்டத்தில் வைத்துச் சொன்ன ஒரு வார்த்தை. கேட்டுக்கு வெளியே நின்ற நான்கு பேரிடம் சொன்ன ஒரு வார்த்தை.

இந்து உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். எப்படிப் பதிந்தாள் என்று காட்டச் சொன்னேன். “போன அவுக வாங்கிப் பெட்டியில பூட்டி வச்சிருக்காக. இனிமே யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்கப்புடாதுன்னு” என்றாள். என் போனைக் கொடுத்தேன். டவர் இருக்கும் பாறைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஏறினோம்.

ஒரு பெயரைப் போட்டாள். ஊர், தெரு, பின்கோடு எல்லாம் வேகமாக அடித்தாள். அனுப்பினாள். ‘எண் 74’ என்று வந்தது. சரி.

பிறகு பின்னால் போகும் அம்புக்குறியைத் தொட்டாள். நிரப்பிய படிவம் அப்படியே திரும்பி வந்தது, கண்ணுக்குத் தெரியாத அதே டோக்கனோடு. பெயரையும் வயதையும் ஆதாரையும் மட்டும் அழித்து வேறு போட்டாள். அனுப்பினாள்.

எண் 74.

“ஏன் பின்னால் போனாய்?”

“ஊரு, மொகவரி, பின்கோடு எல்லாருக்கும் ஒண்ணுதானங்க. ஒவ்வொண்ணா மறுபடி அடிச்சா ஒரு ஆளுக்கு இருவது நிமிசம் ஆகும். முப்பத்தோரு பேரு இந்தப் பாறையில வெயில்ல நின்னாக. வெரசா முடிக்கணும்ல.”

“ஒரே எண் வந்ததே, சந்தேகம் வரலையா?”

“காலனிக்கு ஒரு நம்பருன்னு நெனச்சேன். தேயிலைத் தோட்டத்துல லயத்து வீடு பூராவுக்கும் ஒரு நம்பருதான்னு பெரியவுக சொல்வாகல்ல.” என் போனை என்னிடமே திருப்பிக் காட்டினாள். “அதோட, ஒவ்வொரு தடவையும் இதத்தான போட்டுச்சு.”

திரையில் இருந்தது: ‘அன்புடையீர், நன்றி. தங்கள் விண்ணப்பம் எங்களுக்கு வந்து சேர்ந்தது.’

“நீங்கதான எழுதுனது?” என்றாள்.

17 அக்டோபர், வெள்ளி

ஆமாம், நான்தான் எழுதினேன்.

தாரணி அப்போதே கேட்டாள் – “ரெண்டாவது தடவை வந்தா ‘ஏற்கப்படவில்லை’ன்னு சிவப்புல காட்டவா ஆன்ட்டி?” நான் வேண்டாம் என்றேன். வயதானவர்களைச் சிவப்பு எழுத்தில் அதட்டுவது மரியாதை இல்லை என்றேன். இரண்டு முறை அமுக்கியவருக்கு அது தெரியவே வேண்டாம், நன்றி சொல்லி முதல் எண்ணையே காட்டிவிடு என்றேன்.

முப்பது பேரையும் உள்ளே விடாமல் கதவை மூடிவிட்டு, வாசலில் நின்று நன்றி, நன்றின்னு – முப்பது தடவை. அழகான தமிழில்.

நான் பன்னிரண்டு முறை சோதித்தேனே? சோதித்தேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. ஏனென்றால் எனக்கு உட்கார மேசை இருக்கிறது, நெட் இருக்கிறது, மழை பெய்தால் கூரை இருக்கிறது. அம்புக்குறியைத் தொடணும்னு எனக்குத் தோணவே இல்லையே. ஒரு தடவைகூடத் தோணலையே.

நாலு சீட்டு. காலியா போச்சு. நான்தானே போகச் சொன்னேன்.

சாப்பிடவில்லை.

19 அக்டோபர், ஞாயிறு

சுவாமிநாதனிடம் போனில் முழுவதும் சொன்னேன். “கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிருவோம்மா. ஆரும் கேக்க மாட்டாங்க” என்றார். ஆஸ்பத்திரியில் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்ற சொல்லை நான் என்னைப் பற்றி எழுதியதே இல்லை. நவம்பர் ஒன்பதாம் தேதி இன்னொரு பஸ் தருகிறார்கள். முப்பது பேர். பட்டியல் வெள்ளிக்குள் வேண்டும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. தாரணி பலகாரம் கொண்டுவந்தாள். படிவத்தைச் சரிசெய்துவிட்டாளாம். பின்னால் போய்த் திரும்ப அனுப்பினாலும் இனிப் பெயரும் ஆதாரும் வேறாக இருந்தால் வேறு ஆள் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். “என் தப்பும்தான் ஆன்ட்டி. உங்ககிட்ட எதிர்த்துப் பேச முடியலை, அதான்” என்றாள்.

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

22 அக்டோபர், புதன்

காலனியில் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டச் சொல்லியிருந்தேன். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரவில்லை.

இந்து ஏமாற்றவில்லை, அவள் செய்ததெல்லாம் சரி, படிவத்தில் நான் எழுதிய விதி தவறு, அது தெரியாமல் அவளைத் தவறாகப் பேசியதும் நான்தான் என்று சொன்னேன். எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தாளில்லாமலேதான் சொன்னேன்.

இந்துவின் மாமியார், “கள்ளின்னு சொன்னது மட்டும் மூணு நாள்ல ஊரு பூரா பரவுச்சு. இது எத்தனை நாள்ல பரவுதுன்னு பாப்போம்” என்றாள்.

கந்தம்மாள் கடைசியில் நின்றாள். வலது கண்ணைச் சுருக்கியே வைத்திருந்தாள். கிட்டே போய், நாளைக்கே டாக்சி வைத்து மதுரைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன்.

“வேணாமுங்க. எல்லாரோடயும் வாறேன். நான் மட்டும் போனா தொரசாணி ஆளுன்னு பேசுவாங்க. இந்துவ இன்னைக்கித்தான் நிமிந்து பாக்க விட்டிருக்காங்க.” பிறகு, “மொதல்ல பேர எழுதுங்க, வெரசா. மழை வருது.”

இந்துவின் கணவன் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். பாறையில் மறுபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் வந்த எண்ணை உரக்கச் சொன்னாள். கந்தம்மாள் எண்பத்தி ரெண்டு. வீரம்மாள் எண்பத்தி மூணு. கிழவிகள் அதைத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். முப்பதும் வெவ்வேறு எண்கள்.

27 அக்டோபர், திங்கள்

காலை எட்டு மணிக்கு இந்து போன் செய்தாள். கந்தம்மாளுக்கு வெள்ளனேயிருந்து வலது கண்ணில் பொறுக்க முடியாத வலி, வாந்தி, தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறாள் என்றாள். டாக்சியை அனுப்பி நானும் பெருமாள்மலையில் ஏறிக்கொண்டேன். கண் செக்கச் சிவந்து, கருவிழி மங்கிப் பால்போல. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மலை இறங்கும் காட் ரோடு முழுக்க என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். ஒரு வளைவில் மட்டும், “எங்க இருக்கோம்?” என்று கேட்டாள். டம்டம் பாறை என்றேன்.

28 அக்டோபர், செவ்வாய்

புரை முற்றி உள்ளேயே வீங்கி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம். புரையை அறுத்து எடுத்துவிட்டார்கள். வலி போய்விட்டது. பார்வை வராது. நரம்பு செத்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கொடைக்கானல் கேம்ப் பஸ் வந்துச்சே. அதுல வந்திருந்தா இந்தக் கண்ணு நின்னிருக்கும். ஏம்மா வரலை?” என்று கந்தம்மாளிடம் கேட்டாள்.

கந்தம்மாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “வந்தோமுங்க. எடம் இல்லைன்னாங்க” என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் தேவலை.

டாக்டரிடம் நானே சொன்னேன். நான்தான் ஏற்றவில்லை. நான்கு இடம் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். அவர் கல்லறையைக் கழுவிப் பூ வைத்தேன்.

9 நவம்பர், ஞாயிறு

பஸ் ஆறேகாலுக்குக் கிளம்பியது. முப்பது பேரும் போனார்கள். கந்தம்மாள் முன் சீட்டில், இடது கண்ணுக்காக.

13 நவம்பர், வியாழன்

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கந்தம்மாளுக்கு இடது கண் நன்றாகத் தெரிகிறதாம். இந்து போனில் சொன்னாள். நான் கேட்டு அவள் சொன்னது அவ்வளவுதான்.

15 நவம்பர், சனி

ஆண்டறிக்கைக்குச் சுவாமிநாதன் ஒரு வாக்கியம் அனுப்பியிருக்கிறார். ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் இரண்டாம் கட்டப் பயணம் ஏற்பாடு செய்யப்பட்டு, மொத்தம் எண்பத்தாறு பேர் பயனடைந்தனர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

இரண்டு முறை படித்தேன். யார் பார்த்தாலும் நான் எழுதியது என்றுதான் நினைப்பார்கள். அதே மரியாதை.

அடித்துவிட்டு எழுதினேன்:

‘செப்டம்பர் மூன்றாம் தேதி வடகவுஞ்சிக் காலனியைச் சேர்ந்த முப்பது பேரின் விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த விதியையும் அந்தச் செய்தியையும் எழுதியவர் செயலாளர் தேவகுமாரி சூசைமுத்து. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி நான்கு இடங்கள் காலியாக இருந்தும் இவர்களில் எவரையும் ஏற்ற மறுத்தவரும் அவரே. இதனால் கந்தம்மாள் என்பவரின் வலது கண் பார்வை போனது. விண்ணப்பங்களை நிரப்பிய இந்துவின் மீது எந்தத் தவறும் இல்லை.’

18 நவம்பர், செவ்வாய்

சுவாமிநாதன் போன். “அறிக்கையில இப்பிடியெல்லாம் எழுதுவாங்களாம்மா? நன்கொடை குடுக்கிறவங்க படிப்பாங்க. டாக்டர் பேரு இருக்கு இதுல.”

“அவர் பெயர் இருப்பதால்தான்.”

“கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்படியானால் செயலாளர் இல்லாமல் அறிக்கை போடுங்கள்.”

“சரி, அச்சுக்கு அனுப்புங்க” என்றார். குரல் களைத்திருந்தது.

28 நவம்பர், வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன்.

கந்தம்மாள் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குனிந்துதான் ஊதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. மணையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன்.

வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முடித்ததும், “இன்னொருக்கா” என்றாள். வாசித்தேன். வெளியே பார்த்து இந்துவைக் கூப்பிட்டாள். இந்து வந்து நின்றதும், “இவளுக்கு” என்றாள். மூன்றாம் முறை வாசித்தேன். இந்து தன் பெயர் வந்த இடத்தில் ஒரு முறை தலையாட்டினாள். அவ்வளவுதான். துணி காயப்போடும் சோலி கிடக்கிறது என்று போய்விட்டாள்.

“இது எங்கெல்லாம் போகும்?” என்று கந்தம்மாள் கேட்டாள்.

“மதுரை, சென்னை. நன்கொடை தருகிறவர்கள் எல்லோருக்கும். இருநூறு பிரதி.”

“எம் பேரு எங்க இருக்கு, காட்டுங்க.”

அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடது கண்ணுக்கு நேராகப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் பானை பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை, நானும் எழுந்து இறக்கவில்லை.

“இதா?”

“அதுதான்.”

“இம்புட்டுப் பொடிசாவா எழுதுவீங்க?” என்றாள்.